கோச்சி வராத 25 மைல்

சின்ன வயதில் கோச்சி பார்க்க ஆசை வந்தால் நாங்கள் மட்டக்களப்புக்குத்தான் போகவேண்டும். கல்முனையில் பஸ் ஏறி, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடி, கல்லடிப் பாலம் தாண்டி இறங்கினால் ஸ்டேஷன். வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் முடிகிற பக்கம் கூட்டிப்போவார். கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் வளைந்து நெளிந்து வந்த இரும்பு, அந்த இடத்தில் சும்மா நின்றுவிடும். அதற்கப்பால் புல்.

“இதுக்கு அங்கால கோச்சிக்குப் பாதை இல்ல மனே” என்பார் வாப்பா. “அங்கால எல்லாம் மாட்டுப் பாதைதான்.”

பகிடியாகச் சொன்னாரா, சரித்திரமாகச் சொன்னாரா என்று அப்போது விளங்கவில்லை. கோச்சி மட்டக்களப்புக்கு வந்தது 1928இல். அங்கிருந்து கல்முனைக்கு மிச்சம் ஏறத்தாழ 25 மைல். நூறு வருடம் ஆகப்போகிறது, அந்த 25 மைல் அப்படியே கிடக்கிறது. பொத்துவில் வரைக்கும் தண்டவாளம் போடுவதாகப் பேச்சு வரும், போகும்.

இதே 25 மைலுக்காக உலகத்தின் மறுகோடியில் ஓர் ஊர் பட்ட பாட்டைப் படித்தபோதுதான் வாப்பாவின் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் வேர்த் என்றோர் ஊர். வடக்கே மாடு ஓட்டிப் போகிறவர்கள் மாவும் கோப்பியும் தோட்டாவும் வாங்கிக்கொள்ளும் கடைசிக் கடைத்தெரு. 1873இல் கிழக்கிலிருந்து ரயில் வந்துகொண்டிருந்தது. ஊரே நிலம் வாங்கிக் கடை கட்டிக் காத்திருந்தது. அந்த வருடம் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. ரயில் கம்பனியிடம் காசு இல்லை. டலஸ் நகருக்குச் சற்று மேற்கே, போர்ட் வேர்த்துக்கு 25 மைல் அளவில், தண்டவாளம் நின்றுவிட்டது. வந்தவர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நடுத்தெருவில் ஒரு சிறுத்தை படுத்துத் தூங்கியது, விரட்ட ஆளில்லை என்று டலஸ் பத்திரிகை ஒன்று 1875இல் நையாண்டி செய்தது. ரோசம் வந்த ஊர்க்காரர்கள் சிறுத்தையையே தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். இன்றும் அந்த ஊர்ப் பொலிஸ்காரரின் நெஞ்சுச் சின்னத்தில் அது படுத்திருக்கிறது.

நையாண்டிக்குப் பதில் சொல்ல ஊர்க்காரர்களே ஒரு கம்பனி அமைத்தார்கள். காசுள்ளவர் காசு கொடுத்தார், இல்லாதவர் மண்வெட்டியும் கோவேறு கழுதையும் கொண்டுவந்தார். ஆனால் ஒரு கெடு இருந்தது. மாநிலச் சட்டசபைக் கூட்டத்தொடர் முடிவதற்குள் ரயில் ஊரைத் தொடாவிட்டால், ரயில் கம்பனிக்குக் கிடைக்க வேண்டிய அரச காணி கைவிட்டுப் போகும். நிக்கலஸ் டார்னெல் என்ற உறுப்பினர் நோயாளி. சபையை ஒத்திவைக்க வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் “வேண்டாம்” என்று வாக்களித்துவிட்டுத் திரும்புவார். கடைசி மைல்களில் அணை கட்ட நேரமில்லாமல் மண் ரோட்டின் மேலேயே கட்டைகளைப் போட்டு, அவை நகராமல் இரண்டு பக்கமும் கல் வைத்து, அதன்மேல் தண்டவாளம் இட்டதாகச் சொல்வார்கள். 1876 ஜூலை 19ஆம் திகதி கோச்சி வந்து சேர்ந்தது.

ஒரு 25 மைலுக்கு ஏன் இத்தனை கூத்து? மாடு நடக்குமே, இரண்டு நாளில் போய்ச் சேராதா?

விடை மாட்டின் வயிற்றில் இருக்கிறது. புல்லில் இருக்கும் நார்ப்பொருளை எந்தப் பாலூட்டியாலும் நேரடியாகச் செரிக்க முடியாது. மாடு அதைச் செய்வதில்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தாம் செய்கின்றன. அவை வேலை செய்யவேண்டுமானால் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மேயவேண்டும், கிட்டத்தட்ட அதே அளவு நேரம் படுத்து அசைபோடவேண்டும். மிச்ச நேரத்தில்தான் நடை. ஆகவே மாட்டு மந்தையின் கதி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல். அதற்கு மேல் விரட்டினால் போய்ச் சேரும். ஆனால் சந்தையில் நிற்பது மாடாக இருக்காது, தோல் போர்த்திய எலும்பாக இருக்கும். தெற்கு டெக்சாஸில் 4 டொலருக்குக் கிடைத்த மாடு வடக்கே 40 டொலர் போன காலம் அது. வழியில் உருகுகிற ஒவ்வொரு இறாத்தலும் வியாபாரியின் காசு. நீராவி இயந்திரம் அசைபோடுவதில்லை. கரியும் தண்ணீரும் கிடைத்தால் இரவிலும் ஓடும்.

1867இல் கன்சாஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற சின்னஞ்சிறு கிராமத்து ரயில் பாதையருகே ஜோசப் மெக்கோய் என்ற வியாபாரி மாட்டுப்பட்டி ஒன்றைக் கட்டி, தெற்கே ஆளனுப்பி, “இங்கே கொண்டுவாருங்கள்” என்று சொன்னார். செப்டெம்பரில் முதல் ரயில் நிறைய மாடு சிக்காகோவுக்குப் போனது. அதே 1867இல், அதற்கு ஒரு மாதம் முன்னர், இலங்கையில் கொழும்பிலிருந்து கண்டிக்குக் கோச்சி ஓடத் தொடங்கியிருந்தது. அங்கே மாட்டுக்காகப் போட்ட பட்டி ஊரானது. இங்கே கோப்பிக்காகப் போட்ட பாதை மலையை மாற்றியது. கோப்பி விளையாத எங்கள் கரையைத் தேடி வர இரும்புக்கு அப்போது காரணம் எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கதை இங்கேதான் பிரிகிறது. அங்கே மாடு ரயிலில் ஏறியது. இங்கே மாடுதான் ரயில்.

கண்டி இராச்சிய காலத்தில் கரைக்கும் மலைக்கும் இடையே சரக்கு கொண்டுபோனது தவளம். முதுகின் இரண்டு பக்கமும் பொதி தொங்கும் எருதுகள், ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுப் பாதையில் போகும். ஏறும்போது உப்பும் கருவாடும் துணியும், இறங்கும்போது பாக்கும் தேனும் மெழுகும். வண்டி போக ரோடு வேண்டும். எருதுக்கு ஒற்றையடிப் பாதை போதும். தீனியும் வழியிலேயே முளைத்திருக்கிறது. இந்தத் தொழிலில் முஸ்லிம்கள் கைதேர்ந்தவர்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் 4,000 பேர் அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயரே எழுதிவைத்த செய்தி. அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களோடு கலந்தார்கள். வயலும் தெரிந்த, வியாபாரமும் தெரிந்த சனம் இந்தக் கரைக்கு அமைந்தது அப்படித்தான்.

சம்மாந்துறையைப் பாருங்கள். கடலிலிருந்து உள்ளே தள்ளி, நாலு பக்கமும் வயல் சூழ இருக்கும் ஊருக்கு எப்படித் துறை என்று பெயர் வந்தது? சம்பான் தோணிகள் வந்து கட்டிய துறை, சம்பான்துறை, அதுவே சம்மாந்துறை என்று ஊரில் சொல்வார்கள். சொற்பிறப்பு சரியோ பிழையோ, புவியியல் சரி. மட்டக்களப்பு வாவி தெற்கே இந்தப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடக்கிறது. நெல் தோணியில் ஏறுவதும் கருவாடு எருதில் ஏறுவதும் இந்த வாவி விளிம்பில்தான் நடந்திருக்கும்.

உலகத்து வியாபார ஊர்களில் பாதி இப்படிச் சுமை கைமாறுகிற இடத்தில் முளைத்தவை. ஓரிடத்தில் தோணியிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றவேண்டும் என்றால், அங்கே கூலியாள் வேண்டும், களஞ்சியம் வேண்டும், தரகர் வேண்டும், அவர்களுக்கெல்லாம் தேத்தண்ணிக் கடை வேண்டும். போர்ட் வேர்த்துக்கு அது மாட்டுக் குளம்பும் ரயில் சக்கரமும் சந்தித்த இடம். கல்முனைக்கு அது கரையோர ரோடும், சம்மாந்துறை வயல்வெளியிலிருந்து வரும் ரோடும் நெருங்குகிற இடம். 1924இல் கல்லடியில் பாலம் வந்தது. ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். ஒற்றை வழி, எதிரே வாகனம் வந்தால் காத்துக் கிடக்கவேண்டும். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும்வரை தென்கரை முழுவதும் அந்த ஒற்றை வழியால்தான் போய்வந்தது. பழைய பாலம் வந்து நாலு வருடம் கழித்துக் கோச்சி வந்தபோது, கல்முனை நெல்லும் தேங்காயும் மருதமுனைத் துணியும் லொறியில் ஏறி அந்தப் பாலத்தால் ஸ்டேஷனுக்குப் போக வழி திறந்திருந்தது. கோச்சி கல்முனைக்கு வரவில்லை, கல்முனை கோச்சிக்குப் போய் வந்தது.

நெல் போகும், துணி போகும். பால் போகாது. 30 பாகை வெப்பத்தில் கறந்த பாலில் ஒரு பக்டீரியா அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது என்று வையுங்கள். 12 மணி நேரத்தில் 24 தடவை. ஒன்று 1 கோடியே 67 லட்சம் ஆகிவிடும். பட்டி இருப்பதோ காட்டோரம், சந்தை இருப்பது கரையில். அமெரிக்காவில் இறைச்சிக்கு இதே சிக்கல் வந்தபோது கஸ்டாவஸ் ஸ்விப்ட் என்ற வியாபாரி 1870களின் இறுதியில் பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டிகளை ஓடவிட்டார். மாட்டை உயிரோடு அனுப்பினால் அதன் எடையில் பாதிக்கு மேல் எலும்பும் தோலும் குடலும். அதற்கும் சேர்த்துக் கூலி கட்டவேண்டும். சிக்காகோவில் அறுத்து, குளிர்ப் பெட்டியில் இறைச்சியை மட்டும் அனுப்பினால் லாபம். 1903இல் ஸ்விப்ட், ஆர்மர் என்ற இரண்டு கம்பனிகளும் போர்ட் வேர்த்திலேயே இறைச்சித் தொழிற்சாலை திறந்தன. 1900இல் 26,688 ஆக இருந்த ஊரின் சனத்தொகை 1910இல் 73,312.

எங்களிடம் பனிக்கட்டி இல்லை, மண்சட்டி இருந்தது.

எருமைப்பாலைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் பழைய தயிரில் கொஞ்சம் உறை ஊற்றிச் சட்டியில் விடுவார்கள். உறையில் இருக்கும் நல்ல பக்டீரியாக்கள் பால்வெல்லத்தைத் தின்று லக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பு ஒரு எல்லையைத் தாண்டியதும் பாலின் கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகி, கொழுப்பையும் நீரையும் பிடித்துக்கொள்கிறது. பசுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு. எருமைப்பாலில் ஏழு எட்டு. அதனால்தான் எங்கள் தயிர் கரண்டியால் வெட்ட வெட்ட நிற்கிறது. அந்தப் புளிப்பில் கெட்ட பக்டீரியா லேசில் வளராது. மணிக்கணக்கில் கெட வேண்டிய பாலுக்கு நாள்கணக்கில் ஆயுள் கிடைத்துவிட்டது.

சட்டியும் சும்மா பாத்திரம் இல்லை. கல்முனைச் சந்தைப் பக்கம் ஒரு தயிர்க்கடையில் ஒருமுறை நான் சட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரக் காக்கா சிரித்தார். “தட்டாத மனே. தடவிப் பாரு. வேர்த்திருக்கா எண்டு பாரு.” தடவினேன். வெளிப்பக்கம் ஈரமாக, வெயிலில் இருந்து வந்த கைக்குச் சில்லென்று இருந்தது. “வேர்க்காத சட்டியில தயிர் நீர் கட்டிப் போயிரும்” என்றார். மினுக்குப் பூசாத மண்சட்டியின் நுண்துளைகள் வழியாகத் தயிரின் நீர் கசிந்து வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தயிர் குளிர்கிறது, கூடவே இறுகுகிறது. ஸ்விப்டின் பெட்டிக்கு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பனிக்கட்டி நிரப்பவேண்டும். இதற்குக் கடற்காற்று போதும்.

மாடு போன வழியைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். டெக்சாஸ் மாடு வடக்கே போன வழியெல்லாம் அந்தந்த ஊர் மாடுகள் காய்ச்சல் கண்டு செத்தன. டெக்சாஸ் மாட்டுக்கோ ஒன்றுமில்லை. கன்சாஸ்காரர்கள் துப்பாக்கியோடு எல்லையில் நின்றார்கள். 1893இல் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் காரணத்தை நிறுவினார்கள்: உண்ணி. மாட்டின் மேல் ஏறிப் போன உண்ணி, இரத்தச் சிவப்பணுவில் புகும் ஒரு நுண்ணுயிரைச் சுமந்து போயிருந்தது. டெக்சாஸ் மாடு கன்றிலேயே அந்தக் காய்ச்சலைச் சிறிதாகக் கண்டு தேறியிருந்தது. வடக்கு மாடு அதைக் கண்டதே இல்லை. ஒரு கணுக்காலி பாலூட்டிக்கு நோய் கடத்தும் என்று அசைக்கமுடியாமல் காட்டியது அந்த ஆய்வுதான். நுளம்பையும் மலேரியாவையும் ரொனால்ட் ரோஸ் இணைத்தது அதற்கு நாலைந்து வருடம் கழித்து. பிறகு டெக்சாஸ்காரர்கள் உண்ணிக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும் மாடு தேடினார்கள். கிடைத்தது எங்கள் பக்கத்துத் திமில் மாடு. நெல்லூர், கிர் முதலான இந்திய இனங்களைக் கலந்து அவர்கள் உருவாக்கியதற்குப் பெயரே பிராமன். கௌபோய் படத்தில் திமிலோடு ஒரு மாடு துள்ளினால், அது நம் வீட்டுக் கொல்லை மாட்டின் சொந்தக்காரன்.

வேலி இல்லாத தரையில் யார் மாடு எது என்று அறிய அங்கும் இங்கும் ஒரே வழி: குறி சுடுவது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு மயிர்க்கால்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் பிறகு மயிர் முளைக்காது, தழும்பு மாடு சாகும்வரை எழுத்தாக நிற்கும். எங்கள் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் தாய்வழிக் குடி. பழைய நாளில் குறியிலும் குடி அடையாளம் இருந்தது. மாட்டின் தொடையைப் பார்த்தே யாருடைய உம்மாவின் வழி என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். டெக்சாஸில் சாமுவேல் மாவெரிக் என்ற வழக்கறிஞர் தன் கன்றுகளுக்குக் குறி சுடாமல் விட்டார். குறியில்லாத மாடெல்லாம் அவர் பெயரால் ‘மாவெரிக்’ ஆனது. இன்று அந்தச் சொல் யாருக்கும் அடங்காத ஆளைக் குறிக்கிறது. கட்டாமல் காலாற விட்ட மாட்டுக்கு எங்களிடம் கட்டாக்காலி என்ற சொல் இருக்கிறது. அதை மனிதருக்குச் சொன்னால் வசவு. ஒரே மாடு, இரண்டு தேசத்தில் இரண்டு மரியாதை.

அமெரிக்க மேய்ச்சல்வெளியை முடித்தது முள்ளுக்கம்பி. 1874இல் கிளிடன் என்ற விவசாயி அதற்குக் காப்புரிமை பெற்றார். எங்கள் மேய்ச்சல்வெளியை முடித்தது தண்ணீர்.

முன்பு மாடு வருடத்தில் இரண்டு பயணம் போகும். மாரியில் பெரும்போகம் விதைத்ததும் பட்டிகளை மேற்கே காட்டோரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் திரும்பி வரும். அரிதாளை மேயும், சாணம் போடும். களத்தில் சூடு மிதிப்பதும் எருமை, அடுத்த விதைப்புக்குச் சேறு மிதிப்பதும் எருமை. பெரிய வயற்காரரான போடியாரிடம் எத்தனை ஏக்கர் என்று கேட்பவர்கள் எத்தனை பட்டி என்றும் கேட்பார்கள். நெல்லும் மாடும் ஒரே நிலத்தை முறைவைத்து ஆண்ட காலம் அது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. தமிழில் அந்த ஆற்றுக்குப் பட்டிப்பளை ஆறு என்று பெயர். பெயரிலேயே பட்டி நிற்கிறது. இங்கினியாகலவில் அணை கட்ட வந்த கம்பனி மொரிசன்-நுட்சன். அமெரிக்க மேற்கில், ஐடகோ மாநிலத்துப் பொய்சி நகரத்துக் கம்பனி. கொலராடோ ஆற்றை மறித்த ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிகளில் ஒன்று. கௌபோய் நாடு உண்மையிலேயே எங்கள் மாவட்டத்துக்கு வந்தது, குதிரையில் இல்லை, புல்டோசரில். தேங்கிய நீர் சேனாநாயக்க சமுத்திரம், இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அந்த வேலைக்காக எழுந்த அம்பாறை நகரம் 1961இல் மாவட்டத் தலைநகரானது. கடைத்தெருவும் கூட்டமும் கல்முனையில், கச்சேரி அங்கே. யாருக்கு எங்கே காணி கிடைத்தது, 1956இல் கல்லோயாக் கலவரத்தில் என்ன நடந்தது என்பதெல்லாம் தனியாக, நிதானமாக எழுதவேண்டியவை.

மாட்டின் கணக்கு மட்டும் இங்கே. அணைத் தண்ணீர் பாய்ந்த வயலில் சிறுபோகமும் வந்தது. கோடையில் காலியாகக் கிடந்து மாட்டுக்கு மேய்ச்சலான நிலம் இப்போது வருடத்தில் பெரும்பகுதி பச்சை. உழவு இயந்திரம் வந்ததும் எருமையின் இரண்டு வேலையும் போயின. காட்டோரம் கரும்பாகவும் புதுக் குடியேற்றமாகவும் மாறியது. 2004 டிசெம்பர் கடல் எங்கள் கரையைத் தின்றபின் பிழைத்தவர்கள் மேற்கே வயல் விளிம்புக்கு நகர்ந்தார்கள். சாய்ந்தமருதில் தென்னமெரிக்க வீரன் பொலிவாரின் பெயரில் ஒரு குடியிருப்பே இருக்கிறது. தெற்கே வட்டமடுவில் பண்ணையாளருக்கும் விவசாயிக்கும் மேய்ச்சல் தரைத் தகராறு வருடக்கணக்காக இழுபடுகிறது. டெக்சாஸில் 1880களில் இரவோடிரவாகக் கம்பி வெட்டியவர்களின் சண்டையும் இதுதான்.

போர்ட் வேர்த்தின் தொழிற்சாலைகள் மூடி நாளாயிற்று. ஊரில் 2020இல் 9 லட்சத்துக்கும் மேல் சனம். பழைய மாட்டுச் சந்தைத் தெருவில் இன்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நீளக்கொம்பு மாடுகளைக் கௌபோய் வேடமிட்டவர்கள் ஓட்டிப்போகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் நடைபாதையில் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

கல்முனையில் வேடம் போட ஆள் வேண்டியதில்லை. கோச்சி வராததால் கொழும்புக்கு இரவு பஸ்தான். போன மாதம் ஏறினேன். நிந்தவூர் தாண்டியதும் சாரதி வேகத்தைக் குறைத்தார், பிறகு நின்றேவிட்டது. ரோட்டின் நடுவில் பத்துப் பதினைந்து மாடு, கால் மடித்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தார் இரவில் மெத்தைபோல் சூடாக இருக்கும். காற்றோட்டத்தில் நுளம்பும் குறைவு. ஹோர்னுக்கு ஒன்றும் அசையவில்லை. கடைசியில் உதவியாளர் பொடியன் இறங்கிப்போய், ஒரு கிழட்டு மாட்டின் முதுகில் தட்டினான். அது எழுந்து, நின்று, யோசித்து, வழிவிட்டது. லைட் வெளிச்சத்தில் அதன் தொடையில் பழைய குறி ஒன்று தெரிந்தது. பஸ்ஸில் அதை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.